அறுநூறாவது பலூன்

அத்தியாயம் ஏழு

மூன்று நாளாக நான் ஒரு கேஸ் சிலிண்டர் மேல் சாய்ந்து நின்றதுதான் மிச்சம். நான் தோளை வைத்துத் தேய்த்த அதே இடத்தில்தான் பதில் ஒட்டியிருந்தது என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு வந்த எரிச்சலை அப்படியே எழுதினால், இந்தப் புத்தகத்தை நீங்கள் வீட்டில் வைக்க முடியாது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ஈப்போ லிட்டில் இந்தியாவின் பின்சந்தில் ஹாஜியார் ஷரபுதீனின் பார்ட்டி சாமான் கடை. கல்யாணம், கடைத் திறப்பு, பள்ளி விளையாட்டுப் போட்டி எதுவானாலும் பறக்கிற பலூன் இங்கிருந்துதான் போகும். சுவரோரம் ஹீலியம் தீர்ந்த ஆறு காலி சிலிண்டர்கள், அவற்றுக்குப் பக்கத்தில் முத்திரை உடைக்காத ஒரே ஒரு புதுசு. அதன் மேல்தான் நான் சாய்ந்திருந்தேன். ஹாஜியார் அன்றைக்குப் பத்தாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டார்.

"தோங்குக்கு அம்பது. அந்த அம்பத யாருக்கு வித்தே?"

தோங் என்றால் சிலிண்டர். கேள்வி ஷாமினிக்கு. இருபத்தாறு வயது, புந்தோங் பெண், இங்கே பலூன் ஊதுகிற வேலை. அவள் அப்பா பத்துமலை, நான் ஈப்போவுக்கும் ஹுத்தான் மெலிந்தாங்குக்கும் பஸ் ஓட்டிய பதினொரு வருஷமும் எனக்குக் கண்டக்டர். "அர்ச்சுனா, எம்மவ திருடுவாளா?" என்று அவன் போனில் கேட்டபோது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. என் முதலாளி தினேஸ்வரியிடம் இந்த வழக்கை இழுத்து வந்தவன் நான்தான்.

தினேஸ்வரி எட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களைத் தோண்டியவர். இப்போது போட்டோஸ்டேட் கடை மாடியில் சொந்தத் துப்பறியும் ஆபீஸ். அங்கே நான் டிரைவர், தேத்தண்ணி வாங்குகிறவன், தேவையில்லாமல் பேசுகிறவன். போன வருஷம் ஹாஜியாரின் வேன் காணாமல் போனபோது கண்டுபிடித்துக் கொடுத்தவர் என்பதால் அவருக்காக ஹாஜியார் மூன்று நாள் தவணை கொடுத்திருந்தார். அது இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது.

"அஞ்சு மணிக்கு நான் பாலாய்க்குப் போய் போலீஸ் ரிப்போர்ட் பண்ணுவேன்," என்றார் ஹாஜியார். "அப்புறம் என்னைய யாரும் கொற சொல்லக்கூடாது."

செவ்வாய்க்கிழமை ஷாமினிக்கு நேர்முகத் தேர்வு. அரசாங்கப் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை. மூன்று தடவை விண்ணப்பித்து இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். திருட்டு ரிப்போர்ட்டில் பெயர் வந்தால் அந்த வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். அவள் அழவில்லை. ரிப்பன் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எல்லா வினைக்கும் காரணம் சுவரில் தொங்கிய ஒரு அட்டை. ஹாஜியாரே கைப்பட எழுதியது. சிலிண்டரின் கொள்ளளவு நாற்பத்திரண்டு லிட்டர். அழுத்தமானி காட்டுவது இருநூறு பார். பெருக்கினால் எண்ணாயிரத்து நானூறு லிட்டர் ஹீலியம். ஒரு பலூனுக்குப் பதினான்கு லிட்டர். வகுத்தால் அறுநூறு. கீழே சிவப்பு மையில்: "ஒரு தோங், அறுநூறு பலூன். குறையக்கூடாது."

கடையில் ஊதுகிறவர்கள் இரண்டே பேர். ஷாமினியும், ஹாஜியாரின் அக்கா மகன் அஸ்லானும். சிலிண்டர் தீர்ந்ததும் எத்தனை பலூன் வந்தது என்று அதன் வயிற்றில் சாக்பீஸால் எழுத வேண்டும். ஷாமினி தீர்த்த மூன்றில் 548, 551, 546. அஸ்லான் தீர்த்த மூன்றில் 600, 600, 600.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. வாயு கசிகிறதா என்று வால்வு வால்வாகச் சோப்புத் தண்ணீர் அடித்தேன். ஒரு குமிழி வரவில்லை. எடை போடலாம் என்றால் ஐம்பது பலூன் ஹீலியம் மொத்தமே நூறு கிராம் சொச்சம், கடையில் இருந்ததோ அரிசி மூட்டை நிறுக்கிற தராசு. கேமராவில் ஷாமினி மதியச் சோற்றுக்குக்கூட வெளியே போகவில்லை. ஐம்பது பலூனை யாரும் கைப்பையில் மறைத்துக் கொண்டுபோக முடியாது. ஆனாலும் ஐம்பது குறைந்தது குறைந்ததுதான். சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தச் சுவரிலும் அட்டைதான் தொங்கியது.

"இன்னிக்கு ஆதாரம் இருக்கு," என்று ஹாஜியார் கைபேசியை நீட்டினார். "எங்க வீட்டுல பேஸ்புக்ல பாத்தாங்க. போன ஞாயித்துக்கெழம, செமோர் பக்கம் ஒரு பழைய தோட்டத்துல இவ சொந்தக்காரங்க வீட்டுப் பொறந்தநாள். பின்னால பலூன எண்ணிக்குங்க."

எண்ணினேன். சொல்லிவைத்தாற்போல் ஐம்பது. கேக்குக்குப் பக்கத்தில் பச்சைச் சேலையில் ஒரு அம்மாள்.

"அது என் சின்னம்மா," என்றாள் ஷாமினி மெதுவாக. "ஆனா நான் குடுக்கல பாஸ்."

பத்துமலைக்கு என்ன பதில் சொல்வேன்? தினேஸ்வரி படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினார். மூலையில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்த அஸ்லானைப் பார்த்தார். எல்லோரும் எட்டிப் பார்த்த அந்தப் படத்தை அவன் ஒருவன்தான் எட்டிப் பார்க்கவில்லை.

"வாங்கண்ணே, செமோருக்குப் போலாம்," என்றார் தினேஸ்வரி.

---

ரப்பர் மரம் போய் இருபது வருஷம் ஆகிறது. பாதி நிலத்தில் செம்பனை, மீதியில் வரிசை வீடுகள் கட்டப் போவதாக ஒரு பெரிய பலகை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த இரண்டு லயம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஷாமினியின் சின்னம்மா, பெயர் பாப்பா, இரண்டாவது லயத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பலூன் என்று நான் ஆரம்பித்ததுமே முகம் சிவந்துவிட்டது.

"கடைக்காரரா நீங்க? வாங்க, ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

"நாங்க கடைக்காரங்க இல்லக்கா. பலூன் ஷாமினி குடுத்ததான்னு கேக்க வந்தோம்," என்றார் தினேஸ்வரி.

"அவ குடுத்திருந்தா எனக்கு ஏன்மா இந்த அவமானம்? மவளுக்கு இருபத்தொண்ணாவது பொறந்தநாள். கோயில் மண்டபத்துல நூறு பேரு. காலைல எட்டு மணிக்கு பலூன் வந்துச்சு, ஒம்போதுக்கு போட்டோ புடிச்சோம். நல்லாத்தான் நின்னுச்சு. பன்னெண்டு மணிக்கு ஆளுங்க வாராங்க, அம்பதும் தரையில கெடக்கு. பிள்ளைங்க பந்து ஒதைக்குதுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற வந்திருந்தாங்க."

"ஷாமினி ஊதுனா எவ்வளவு நேரம் நிக்கும்?"

"போன வருசம் புந்தோங்ல ஒரு கல்யாணத்துக்கு ஊதினா. மறுநாள் காலைல மண்டபத்த கூட்டப் போறோம், அப்பவும் கூரையிலதான் ஒட்டிக்கிட்டு நிக்குது."

பாப்பா உள்ளே போய் ஒரு ரசீதைக் கொண்டுவந்தார். ஹாஜியார் கடை முத்திரை. ஐம்பது பலூன். ஊதியவர் பெயர்: அஸ்லான். முறையாக வாங்கிய சரக்கு. இதன் மறுபாதி ஹாஜியாரின் மேசையிலேயே கிடந்திருக்கும். மனுஷன் அட்டையைத் தவிர எதையும் பார்ப்பதில்லை.

காருக்குத் திரும்பியதும் கதவை அறைந்து சாத்தினேன். "போச்சு. திருட்டு பலூனும் இல்ல, திருடாததுக்குச் சாட்சியும் இல்ல. பெட்ரோல்தான் காலி. அந்தப் பிள்ளையோட அம்பது இன்னும் அம்பதாத்தான் நிக்குது."

"அண்ணே, ஒங்க பஸ்ல பத்துமலை ஒரு நாளைக்கு எத்தன டிக்கெட் கிழிப்பாரு?"

"நாளுக்கு ஒரு மாதிரி. நூத்தி நாலு, தொண்ணூத்தெட்டு, நூத்தி ஒண்ணு. இப்ப அதுக்கென்ன?"

"தெனமும் சரியா நூறுன்னு ஒரு கண்டக்டர் கணக்கு குடுத்தா?"

"அவனத்தான் மொதல்ல புடிப்பேன்," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது.

"பலூன் வெடிக்கும்ணே. பாக்கெட்டுக்கு ஒண்ணு ரெண்டாவது போவும். ஷாமினி நம்பர் ஏறி எறங்குது. அஸ்லான் கையில மட்டும் ஒண்ணுகூட வெடிக்காம மூணு தடவையும் எப்படிலா அறுநூறு?"

"அப்ப அஸ்லான் பொய் சொல்றான். சரி. ஆனா ஷாமினிக்கு ஏன் கொறையுது? அதுக்கு வழி சொல்லுங்க."

"அதுதான் எனக்கும் கடுப்பா இருக்கு," என்றவர் காரை விட்டு இறங்கி, ஒரு செம்பனை நிழலில் நின்று யாருக்கோ போன் போட்டார். பத்து நிமிஷம் பேசினார். இரண்டு தடவை சிரித்தார். ஒரு தடவை தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார். திரும்பி வந்து, "நீங்க மூணு நாளா எந்த தோங் மேலண்ணே சாஞ்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தப் புதுசு மேலதான் என்றேன். அவர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். இந்தப் பெண்ணோடு வேலை பார்க்கிறவனுக்கு ரத்தக் கொதிப்பு வராமல் என்ன செய்யும்?

---

கடைக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டு. அன்றைக்கு ஒரு பெரிய ஆர்டர் இருந்தது. மெஹர்பானு என்கிற அம்மாளின் புதுச் சாப்பாட்டுக் கடை ஐந்து மணிக்குத் திறப்பு. அறுநூறு பலூன்.

"இன்னிக்கு ஹாஜியார்தான் ஊதணும்," என்றார் தினேஸ்வரி. "அவங்க ரெண்டு பேரும் கை வைக்கக்கூடாது. புது தோங். ஒங்க கண்ணாலயே மீட்டரப் பாத்துக்குங்க."

ஹாஜியார் முத்திரையை உடைத்து அழுத்தமானியைப் பொருத்தினார். முள் இருநூறில் நின்றது. ஷாமினிக்கும் அஸ்லானுக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. தோரணத்துப் பலூன்களுக்கு வெறுங்காற்று அடிக்கிற மின்பம்பு ஒன்று கடையில் உண்டு. அதன் வயரைப் பிடுங்கி, பம்பைத் தூக்கி ஷாமினியின் மடியில் வைத்தார் தினேஸ்வரி. அஸ்லான் அந்தப் பம்பைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

ஹாஜியார் ஊதினார். ஒவ்வொரு பலூனையும் அளவுப் பெட்டியின் ஓட்டைக்குள் விட்டுச் சரிபார்த்து எங்களிடம் நீட்டினார். நானும் தினேஸ்வரியும் முடிச்சுப் போட்டோம். நூறாவது முடிச்சில் என் விரல் நகம் பிய்ந்தது. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு அவர் எழுந்து போனபோது வால்வை மூடிவிட்டு, சிலிண்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காவல் நின்றேன். வெடித்தவை போக மற்றதை மட்டும் எண்ணினோம். ஐந்து பாக்கெட் தீர்ந்தது. கூரை முழுக்க சிவப்பும் வெள்ளையும். ஐந்நூற்று நாற்பது, நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு.

ஐந்நூற்று நாற்பத்தொன்பதாவது பலூன் நிறைந்ததும் சிலிண்டர் ஒரு சின்ன இருமல் இருமி அடங்கியது.

ஹாஜியார் வால்வை முழுக்கத் திருப்பினார். அழுத்தமானியைத் தட்டினார். சிலிண்டரைக் கட்டிப்பிடித்து ஆட்டினார். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

"தோங் லீக்கு," என்றார்.

"சோப்புத் தண்ணி அடிச்சது நான்தான் ஹாஜியார்," என்றேன். "மூணு நாளா கை வெளுத்துப் போச்சு."

"அப்ப ஏமாத்திட்டானுங்க. கொறையா அடைச்சிருக்கானுங்க."

"இருநூறுன்னு ஒங்க கண்ணாலதான பாத்தீங்க," என்றார் தினேஸ்வரி. பிறகு நான் மூன்று நாள் தோள் வைத்திருந்த இடத்துக்கு வந்தார். அங்கே கடையின் பளபளப்பான விளம்பர ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் அதை உரித்தார். அடியில் வாயு கம்பெனியின் வெள்ளைச் சீட்டு. உள்ளே இருப்பது ஏழு புள்ளி ஏழு கனமீட்டர் என்று மலாயில் தெளிவாக அச்சடித்திருந்தது.

"ஏழாயிரத்து எழுநூறு லிட்டர். பதினாலால வகுத்துப் பாருங்க ஹாஜியார்."

அவர் உதடு அசைந்தது. ஐந்நூற்று ஐம்பது.

"அப்ப என் கணக்கு?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அது பள்ளிக்கூடத்துல படிச்ச விதி. எனக்கு அதுல ஏ."

"விதி கொறஞ்ச அழுத்தத்துக்குச் சரி. பலூனுக்குள்ள சரியா வரும். வாயுவோட அணுவெல்லாம் எடமே அடைக்காத புள்ளிங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லன்னு நெனச்சுப் போட்ட கணக்கு அது. நெசத்துல ஹீலியம் அணுவுக்கும் ஒடம்பு இருக்கு. இருநூறு பாருக்கு நெருக்கினா அந்த ஒடம்பே எடத்த அடைச்சுக்குது. அதனால உள்ள இருக்கறதுக்கு மேலயே மீட்டர் முள்ளு தள்ளும். கேஸ் டிப்போவுல ஹாபிஸ்னு எனக்குத் தெரிஞ்சவரு. நம்பரச் சொன்னதும் சிரிக்கிறாரு. ஹீலியம்ல நூத்துக்கு எட்டு ஒம்போது கொறையறது அங்க எல்லாருக்கும் தெரியுமாம்."

"எல்லா கேஸும் இப்படியா?" என்று கேட்டாள் ஷாமினி. அன்றைக்கு அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொணம். ஆக்ஸிஜன்ல ஒண்ண ஒண்ணு இழுத்துக்குமாம். நூத்தம்பது பார்ல கணக்குக்கு மேலயே கொஞ்சம் இருக்கும்னாரு."

ஹாஜியார் இன்னும் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஹாஜியார், தைப்பூசத்துக்கு என் பஸ்ஸ பாத்திருக்கீங்களா? கதவு தள்ளுற தள்ளப் பாத்தா உள்ள நூத்திப் பத்து பேரு இருக்கான்னு தோணும். என் கண்டக்டர் பத்துமலை டிக்கெட்ட எண்ணினா நூறுதான் இருக்கும். மிச்சம் பத்தும் முழங்கை. ஒங்க மீட்டர் முழங்கையத்தான் காட்டுது, தலைய எண்ணல. பஸ்ஸு பாதி காலியா இருந்தா இந்தக் கொழப்பமே வராது."

தினேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஹாஜியார் மெல்லக் காலி சிலிண்டர்கள் பக்கம் நடந்தார். 548, 551, 546. தன்னுடைய 549. பிறகு அந்த மூன்று அறுநூறுகள் முன்னால் போய் நின்றார்.

"அஸ்லான்."

அவன் எழுந்து நின்றான். முப்பது வயதுக்காரன், கல்யாணமானவன், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிறவன் போல நின்றான்.

"மொத தோங்ல எனக்கும் ஐநூத்தி நாப்பத்தேழுதான் மாமா வந்துச்சு. பயந்து அறுநூறுன்னு எழுதிட்டேன். அடுத்ததுலேருந்து கடைசி நூறு பலூனுக்கும் பாதி பம்பு காத்து அடிச்சு, மேல ஹீலியம் விட்டேன். அளவுப் பெட்டிக்குச் சரியா வந்துச்சு. நாலு மணி நேரம் நிக்கும். அதுக்குள்ள நாம டெலிவரி குடுத்துட்டு வந்துருவோம்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"ஒங்க கணக்கு தப்புன்னு ஒங்ககிட்ட யாரு மாமா சொல்றது?"

அவன் ஷாமினி பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நியாயம்தான். இவன் அறுநூறு என்று எழுதிய ஒவ்வொரு தடவையும் அவளுடைய உண்மை திருட்டாகிக்கொண்டிருந்தது. அது தெரிந்தும் மூன்று வாரம் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தான். அவனை நாலு அறை அறைந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

"அஞ்சு மணிக்கு பாலாய்க்குக் கார் வேணுமா ஹாஜியார்?" என்று கேட்டார் தினேஸ்வரி.

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அட்டையைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அப்போதுதான் கைபேசி அடித்தது. மெஹர்பானு. ஹாஜியார் கையெல்லாம் பலூன் மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹாஜியார், பலூன் கெளம்பிருச்சா?"

அஸ்லான் பழக்கதோஷத்தில் ஷாமினியின் மடியிலிருந்த பம்புக்குக் கை நீட்டினான். ஹாஜியார் விரலை ஆட்டித் தடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐநூத்தி நாப்பத்தொம்போதுதான் இருக்கு. வேற தோங் இல்ல, திங்கக்கெழமதான் வரும்."

"அறுநூறுன்னு நீங்கதான சொன்னீங்க. ஒரு தோங்குக்கு அறுநூறு, கொறையவே கொறையாதுன்னு. மிச்சம் அம்பத்தொண்ண யாருக்கு வித்தீங்க?"

ஹாஜியார் வாயைத் திறந்தார். விதி, அழுத்தம், அணுவின் உடம்பு, என் பஸ், எல்லாம் அவருக்கு இப்போது தெரியும். ஒன்றும் வெளியே வரவில்லை. தன்னையறியாமல் ஷாமினியைப் பார்த்தார்.

அவள் பம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். சாக்பீஸை எடுத்து, அவர் தீர்த்த சிலிண்டரின் வயிற்றில் 549 என்று எழுதினாள்.

"நானும் இப்படித்தான் நின்னேன் பாஸ்," என்றாள்.

பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கடையை விட்டு இறங்கினாள். மெஹர்பானு ஸ்பீக்கரில் அதே கேள்வியை மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார்.